நான்கு செட்டுத் துணி

பள்ளிக்கூடம் போகிற சின்னப் பிள்ளைக்கு எத்தனை துணி வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், யோசிக்காமல் நான்கு செட்டு என்று சொல்வேன். மூன்று போதாது, ஐந்து அதிகம். என் பிள்ளைகள் இருவரையும் அப்படித்தான் வளர்த்தேன். துணியில்லை என்று அவர்கள் ஒரு நாளும் நின்றதில்லை. இந்த எண் என்னுடைய கண்டுபிடிப்பு அல்ல. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அப்பா இரண்டு வாரம் ஆராய்ந்து எடுத்த முடிவு அது.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் டாலி குமாஸ்தா வேலை. கப்பலிலிருந்து கிரேன் இறக்குகிற மூட்டைகளைப் பக்கத்தில் நின்று எண்ணித் தாளில் கோடு போட வேண்டும். நான்கு நேர்கோடு, ஐந்தாவது அவற்றின் குறுக்கே. பகல் முழுவதும் எண்ணிவிட்டு வருகிற மனிதர் வீட்டுக்கு வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிடுவார் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் தீக்குச்சிக்குக்கூடக் கணக்கு உண்டு என்று மாமா வெளியில் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய். தீப்பெட்டிக்குத்தான் கணக்கு இருந்தது.

துணிக்கு ரேஷன் கார்டு இருந்த காலம் அது. ஆளுக்கு இத்தனை கஜம் என்று அளந்து கொடுத்தார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் பின்வாசல் வழியாக வாங்குகிறவர்கள் இருந்தார்கள். அப்பா அந்த வாசலுக்குப் போகிறவர் அல்ல. ஆகவே நான் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய மாதம் வந்தபோது, எனக்கு எத்தனை பாவாடை சட்டை தைப்பது என்பது சும்மா முடிவு செய்துவிடுகிற விஷயமாக இருக்கவில்லை. என் மேல் போகிற ஒவ்வொரு கஜமும் வேறொருவர் மேலிருந்து வர வேண்டும்.

அம்மா ஆறு என்றாள். பள்ளி நாள் ஐந்துக்கும் ஒவ்வொன்று, கையிருப்பாக ஒன்று.

மாமா இரண்டு என்றார். அவர் அம்மாவின் தம்பி. தெற்கேயிருந்து வந்து எங்களோடு தங்கிக்கொண்டு, துறைமுகத்துக்கு எதிரே ஒரு கயிற்றுக் கடையில் வேலை பார்த்தார்.

“எனக்கு ரெண்டு சட்டை, அத்தான். ஒண்ணு மேல, ஒண்ணு கொடியில. நான் என்ன மானங்கெட்டா திரியுதேன்?”

“நீ பக்கத்துல வந்தா தெரியுது,” என்றாள் அம்மா.

அப்பா ஆராய்ச்சியைத் தொடங்கினார். பள்ளி திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரமும் காலையில் எனக்கு வெளுத்த பாவாடை சட்டை போட்டுவிட்டு, நண்பகலிலும் மாலையிலும் என்னை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். நண்பகலில் அவர் வேலையில் இருப்பார் என்பதால் அந்தப் பொறுப்பு அம்மாவுக்கு. ராயபுரத்தில் அழுக்கு குழந்தையிடமிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு பக்கம் துறைமுகத்து நிலக்கரிக் குவியல், இன்னொரு பக்கம் ரயில் இன்ஜின். வெளியே காயப்போட்ட வெள்ளைத் துணி ஒரு மணி நேரத்தில் மிளகுப்பொடி தூவியதுபோல் ஆகிவிடும். அதனால்தான் எங்கள் தெருவில் வெளியில் உடுத்துகிற துணியை யாரும் வீட்டில் துவைப்பதில்லை. வண்ணாரப்பேட்டைக்கு வெளுக்கக் கொடுத்துவிடுவோம்.

வெளுக்க எடுத்துப்போனவர் ஓர் அம்மாள். சலவைக்காரம்மா என்றுதான் அவரை அழைத்தோம். சனிக்கிழமைதோறும் முதுகில் மூட்டையோடு வருவார். போன வாரத்துத் துணியை வெளுத்து மடித்துக் கொடுத்துவிட்டு, இந்த வாரத்து அழுக்கை எடுத்துக்கொண்டு போவார். அப்பா அவரையும் நிறுத்தி வைத்து விசாரித்தார்.

“ஞாயித்துக்கெயம வெள்ளாவி வெப்போம் ஐயா. திங்கக்கெயம தோய்க்கிறது. செவ்வாக்கெயம காயவெச்சு இஸ்திரிப் பொட்டி போடறது. அத்தோட முடிஞ்சிது.”

“செவ்வாய்க்கிழமையே முடிஞ்சா, சனிக்கிழமை வரைக்கும் துணி எங்க இருக்கு?”

“எங்க வூட்லதான். அல்லாத் தெருவுக்கும் ஒரே நாள்ல குடுக்க முடியுமா? உங்க தெருவுக்கு சனிக்கெயம.”

அப்பா அதையும் எழுதிக்கொண்டார். முடிவு வந்தது. நான்கு செட்டு. இரண்டு வீட்டில் இருக்கும்போது இரண்டு வெளுப்பில் இருக்கும். திங்கள், செவ்வாய் ஒரு செட்டு. புதன், வியாழன் அடுத்தது. வெள்ளிக்கிழமைக்கு முதல் செட்டையே உதறிப் போட்டுக்கொள்ளலாம். டீச்சர் நகமும் தலையும் துணியும் பார்ப்பது திங்கட்கிழமை மட்டும் என்பதையும் அவர் விசாரித்து வைத்திருந்தார். பண்டிகைப் பட்டும் வீட்டில் போடுகிற பழசும் கணக்கில் சேராது.

“ரெண்டையும் ஆறையும் கூட்டிப் பாதியாக்கிட்டீங்க. இதுக்கா ரெண்டு வாரம்?” என்றார் மாமா.

நான்கும் தைத்து வந்தன. சலவைக்காரம்மா ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டியிலும் இடுப்புப் பட்டியிலும் உட்பக்கம் சேங்கொட்டைப் பாலால் எங்கள் வீட்டுக் குறியைப் போட்டார். வீட்டுக்கு ஒரு குறி. எங்களுடையது மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அந்தக் கறுப்பு போகாது. துணியை எழுதி வைக்கிற வேலையை அப்பா எனக்குக் கொடுத்தார். சனிக்கிழமை மூட்டையில் என் துணி எத்தனை போகிறது, எத்தனை வருகிறது என்று துறைமுகத்து டாலித் தாளின் பின்பக்கத்தில் கோடு போடுவேன். உலகத்தில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். ஒரு தடவையும் தவறியதில்லை.

பள்ளியில் எனக்கு முன் பலகையில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஒரு வயது பெரியவள், அரைச் சாண் கூடுதல் உயரம். டீச்சர் சொல்கிற பாட்டை ஒரே தடவையில் பிடித்துக்கொள்வாள். எங்கள் வகுப்பில் யாரும் எழுத்துக்கூட்டத் தொடங்காத நாளிலேயே, ரயில் நிலையத்துப் பலகையை நிறுத்தி நிறுத்திப் படித்துவிட்டாள். இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் துணிதான் கண்ணை உறுத்தியது. ஒரு நாள் போட்டதை அவள் மறுநாள் போட்டதில்லை. ஒரு நாள் மஞ்சள் கவுன், லேஸ் வைத்தது. மறுநாள் கத்தரிப்பூ நிறத்துப் பாவாடை. அதற்கு மறுநாள் கழுத்தில் கப்பல்காரன் சட்டைபோலப் பட்டை வைத்த வெள்ளை கவுன். அந்த மாதிரி கவுன் ரயில்வேயில் வேலை செய்த சட்டைக்காரர் வீடுகளில்தான் இருக்கும். ஆங்கிலோ இந்தியர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். “உனக்கு எத்தனை செட்டு?”

“எனுக்கா?” கன்னியம்மா திரும்பிப் பார்த்தாள். “எண்ணுனதே இல்ல. வூடு பூரா துணிதான். மூட்ட மூட்டயா கீது.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. “அப்படியா? எண்ணிக்கிட்டு வா,” என்று ஒரு தாளைக் கொடுத்தார். மேலே கிழமைகளை எழுதி, கீழே கோடு போடும் இடத்தையும் காட்டினார். மூட்டை மூட்டையாக என்று யாராவது சொன்னால் எத்தனை மூட்டை என்று கேட்காமல் அவரால் இருக்க முடியாது.

மூன்று வாரம் எண்ணினேன். ஒன்பது துணி, ஒன்பதும் வேறு வேறு. தாளை அப்பாவிடம் நீட்டினேன். எனக்கும் இனி நான்கு போதாது என்று பேச்சைத் தொடங்குவதற்கு வாசகம்கூடத் தயாராக வைத்திருந்தேன். அப்பா துணிகளைப் பார்க்கவில்லை. காலி இடங்களைப் பார்த்தார்.

“திங்கள், செவ்வாயில கோடு இல்லையே?”

“அவ வர மாட்டா.”

“மூணு வாரமுமா?”

“எப்பவுமே வர மாட்டா. புதன்கிழமை வந்து என் சிலேட்டைப் பார்த்துப் பாடம் எழுதிக்கிடுவா.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, மாடத்தில் அடுக்கி வைத்திருந்த வெளுத்த துணியைப் பார்த்தாள். பிறகு அப்பா தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“இனிமே எண்ணாத.”

“ஏன்?”

“எண்ணியாச்சு.”

அடுத்த புதன்கிழமை கன்னியம்மா பச்சைப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போட்டு வந்தாள். சட்டைக்கு முதுகில் பொத்தான். மேல் பொத்தான் அவிழ்ந்து கழுத்துப் பட்டி மடங்கியிருந்தது. அதில் மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. பாவாடையின் ஓரத்தைப் பார்த்தேன். ஆணியில் மாட்டிக் கிழிந்த இடத்தில் அம்மா மஞ்சள் நூலால் போட்ட தையல் இருந்தது. சனிக்கிழமை நான் கோடு போட்டு அனுப்பிய செட்டு.

எழுந்து நின்றேன். “டீச்சர், கன்னியம்மா என் துணியைப் போட்டிருக்கா.”

டீச்சர் நம்பவில்லை. நம்பாதவருக்கு அத்தாட்சி காட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கன்னியம்மாவின் சட்டைக் கழுத்தைத் திருப்பிக் காட்டினேன். பிறகு என் கழுத்தைத் திருப்பிக் காட்டினேன். இரண்டும் ஒரே குறி. வகுப்பு சிரித்தது. பின் பலகையிலிருந்து ஒருத்தி எழுந்து, போன வாரத்து மஞ்சள் கவுன் தன் அக்காவுடையது என்றாள். இன்னொருத்தி கத்தரிப்பூப் பாவாடையைக் கேட்டாள்.

கன்னியம்மா அழவில்லை. பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து என் பக்கம் காட்டினாள்.

“நான் அயுக்குப் பண்ணல. பாத்துக்கோ. ஒரு பொட்டு அயுக்கு கீதா?”

இல்லை. அதையும் நான் பார்த்தேன். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

கன்னியம்மா சலவைக்காரம்மாவின் மகள் என்பது, வகுப்பில் எழுந்து நின்ற அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் நடந்ததைச் சொன்னபோது அப்பா, “எண்ணாதன்னு சொன்னம்லா?” என்றார்.

“எண்ணல. பார்த்தேன்,” என்றேன். அது உண்மை.

வெள்ளிக்கிழமை டீச்சர் என்னைக் கூப்பிட்டு, எங்கள் வீட்டுக்குத்தானே அந்தப் பெண்ணின் தாய் வருகிறார் என்று கேட்டுவிட்டு, ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். வாரத்தில் இரண்டு நாள் வராத பிள்ளையை இவ்வளவு நாள் பொறுத்துக்கொண்டாயிற்று. அடுத்த திங்கள் விட்டு அதற்கடுத்த திங்கள் வரை பார்ப்பேன். அன்றைக்கும் வராவிட்டால் பதிவேட்டிலிருந்து பேரை அடித்துவிடுவேன். மற்றப் பிள்ளைகள் இடத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். செய்தியை ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் சொன்னேன்.

சனிக்கிழமைக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. சலவைக்காரம்மா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தார். சட்டைக்காரர் வீட்டில் இனிமேல் துணி போடுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தார். அம்மா என்னை உப்பு வாங்கி வர அனுப்பிவிட்டாள். அப்போது பேசியதை அம்மா வெகு காலம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள்.

“இன்னாம்மா பண்றது. வூட்ல ஊருத் துணி அல்லாம் கீது, எம் பொண்ணுக்குன்னு ஒண்ணு கெடயாது. படிக்கணும்னு ஒரே அயுகை. பொட்டி போட்டு மடிச்சத ஒரு பொயுது குடுப்பேன். வந்ததும் தண்ணி காட்டித் திருப்பிப் பொட்டி போட்டு வெச்சிருவேன். ஒரு நூலு போனதில்ல. இனிமே யாரு துணியும் அதும் மேல படாது. அல்லா வூட்லயும் சத்தியம் பண்ணிட்டு வந்துட்டேன்.”

டீச்சர் வைத்த கெடுவை அம்மா சொன்னாள். பிறகு, “அடுத்த சனிக்கிழமை மூட்டையில என் பிள்ளை துணி ரெண்டுக்குப் பதிலா மூணு இருக்கும். மூணாவது அழுக்கா இருக்காது. அது எப்ப திரும்பி வருதுன்னு நான் கேக்க மாட்டேன்,” என்றாள்.

சலவைக்காரம்மா, “குறி போடணுமாம்மா?” என்று கேட்டாராம்.

“வேண்டாம்.”

நான் உப்போடு திரும்பியபோது அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் அப்பா பெட்டியிலிருந்து ஒரு துணியை எடுத்தார். நீலக் கட்டம் போட்டது. அவருக்குச் சட்டை தைப்பதற்கென்று கார்டில் வாங்கி வைத்திருந்தது. தையற்காரர் வந்து என் மேல் அளவு எடுத்தார். இரண்டு விரல் கூட வைத்துத் தைக்கச் சொன்னாள் அம்மா. அளவு என் மேல் எடுத்தால் துணி வேறு யாருக்காக இருக்க முடியும்? எனக்கு ஐந்தாவது செட்டு வரப்போகிறது என்று புரிந்துகொண்டேன். ஏன் என்பது மட்டும் புரியவில்லை.

மாமாவுக்கும் சந்தேகம் இருந்தது. “கணக்கு தப்பிட்டோ, அத்தான்?”

“கணக்கு சரியாத்தான் இருக்கு.”

“அப்ப இது?”

“இது கணக்கில வராது,” என்றார் அப்பா.

யாருக்கு என்று அவர்கள் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொல்லிவிடுவேன் என்று பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை காலை மூட்டை கட்டுகிற நேரம். ஐந்து குடித்தனத்துக்கும் சேர்த்து எங்கள் வளவில் ஒரே குழாய். தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுக்க, அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். “ஆள் வந்தா மூட்டையைக் குடுத்துரு. எல்லாம் வெச்சிருக்கேன்,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, கோடு போடுவதற்காக மூட்டையை அவிழ்த்தேன். அப்பாவின் வேட்டிகள், அம்மாவின் புடவைகள், மாமாவின் சட்டை, என் செட்டு இரண்டு. நடுவில் நீலக் கட்டம்.

எடுத்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடப் போடாதது. தையற்காரரின் சுண்ணக்கோடுகூடத் துணியில் அப்படியே இருந்தது. வெளுக்க வெளுக்கத் துணிக்கு ஆயுசு குறையும், உடுத்தாத துணி மூட்டையில் போகவே கூடாது என்பது அப்பாவின் சட்டம். நான்கு என்று முடிவு செய்த அன்றைக்கே அதையும் சொல்லியிருந்தார். அம்மா அவசரத்தில் தவறுதலாக வைத்துவிட்டாள் என்று எனக்குச் சந்தேகமறத் தெரிந்தது. தவறைக் கண்டால் கூச்சல் போடாமல் திருத்திவிடுவதுதான் நல்ல குமாஸ்தாவுக்கு அழகு. நீலச் செட்டை எடுத்து மடிப்புக் கலையாமல் என் தகரப் பெட்டியின் அடியில் வைத்தேன். தாளில் இரண்டு கோடு போட்டேன். மூட்டையை முன்பு இருந்ததுபோலவே கட்டினேன்.

சலவைக்காரம்மா வந்தார். அவர் எப்போதும் ஒரு தடவை எண்ணிவிட்டு முடிச்சுப் போடுவார். அன்றைக்கு இரண்டு தடவை எண்ணினார். பிறகு ஒவ்வொன்றாக உதறிப் பார்த்து, மறுபடி மடித்து வைத்தார்.

“பாப்பா, உன்து எத்தினி?”

“ரெண்டு.”

“அம்மா வேற ஏதுனா குடுக்கச் சொல்லிச்சா?”

“இல்லை. ரெண்டுதான்,” என்று தாளைக் காட்டினேன்.

“அம்மா எங்க?”

“குழாயில.”

அவர் குழாய்ப் பக்கம் பார்த்தார். அங்கே ஐந்து வீட்டுப் பெண்களும் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். போன சனிக்கிழமை அவரைப் பேசியவர்களும் அவர்களில் உண்டு. இரண்டு அடி அந்தப் பக்கம் வைத்தவர் நின்றுவிட்டார். திரும்பி வந்து மூட்டையைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு வாசல் வழியாகப் போய்விட்டார்.

திங்கட்கிழமை டீச்சர் நகம், தலை, துணி பார்த்து முடித்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். கன்னியம்மாவின் பேர் வந்ததும் நிறுத்தினார். இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். வாசல் பக்கம் பார்த்துக் கொஞ்சம் காத்திருந்தார் என்றுகூடச் சொல்ல வேண்டும். பிறகு அடிமட்டத்தை வைத்துச் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். கோடு ஒரு மயிரிழைகூடக் கோணவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

மாலையில் சொன்னேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“வரவே இல்லையா? நல்லாப் பார்த்தியா?”

“வரலை. பேரை அடிச்சாச்சு.”

அம்மாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று எனக்குத் தெரியவில்லை. வாரம் முழுவதும் அது இறங்கவில்லை. “குடுத்தும் அனுப்பலியே,” என்று பாத்திரத்தைக் கழுவும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாமா, “பிடிக்கலியோ என்னவோ, விடுக்கா,” என்றார். அப்பா மடித்து வைத்திருந்த அந்தக் கிழமைத் தாளை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை சலவைக்காரம்மா வந்தபோது அம்மா குழாய்க்குப் போகவில்லை. வாசலிலேயே நின்றாள். வழக்கமாகக் கேட்கிற நலம் விசாரிப்பு இருவரிடமும் இல்லை. வெளுத்த துணியை எண்ணி வைத்தார்கள்.

“பாப்பாது ரெண்டு,” என்றார் சலவைக்காரம்மா.

“மூணாவது?”

“ரெண்டுதாம்மா வந்துது.”

“நான் என் கையால வெச்சேன்.”

“ரெண்டு வாட்டி எண்ணுனேம்மா. பாப்பாவக் கேட்டேன். ரெண்டுதான்னு சொல்லிச்சு.” அவர் குரல் உயரவில்லை. “சரி, அம்மாக்கு மனசு மாறிப்போச்சுன்னு நெனச்சிகினு பூட்டேன். உங்கள இன்னா கேக்கறது.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இவர்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். உள்ளே ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து நீலச் செட்டை எடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்தேன். எப்படிக் கண்டுபிடித்தேன், ஏன் எடுத்து வைத்தேன், சுண்ணக்கோடு எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். உடுத்தாத துணியை யாராவது வெளுக்கப் போடுவார்களா என்று முடித்தேன்.

யாரும் என்னைப் பாராட்டவில்லை. அம்மா அந்தத் துணியைச் சலவைக்காரம்மாவிடம் நீட்டினாள்.

“நான் வந்து டீச்சர்கிட்டப் பேசுதேன். திங்கட்கிழமை கூட்டிட்டுப் போவோம். என் பிள்ளை செஞ்சது, நான் போய்ச் சொல்லுதேன்.”

சலவைக்காரம்மா துணியை வாங்கவில்லை. பெருவிரலால் அதன் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார். துணியை அறிந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

“நல்ல துணி. பாப்பாக்கே போடும்மா,” என்றார். “எம் பொண்ணு இப்போ பொட்டி போடக் கத்துகினு கீது. சின்ன உருப்படி அல்லாம் அதான் போடுது. கை நல்லா ஓடுது. இதோ, உங்க பாப்பா பாவாட ரெண்டும் அது போட்டதுதான்.”

அழுக்கு மூட்டையைக் கட்டித் தூக்கிக்கொண்டு அவர் போனார். நான் என் பாவாடைகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மடிப்பும் கத்தி வைத்ததுபோல் நின்றது. எனக்குத் தாங்க முடியாத பொறாமை வந்தது. என்னை அடுப்பங்கரைப் பக்கமே விடமாட்டார்கள். தீக்குச்சியைத் தொட்டால் அடி விழும். கன்னியம்மாவோ என்னைவிட அரைச் சாண்தான் உயரம். அவளுக்கு மட்டும் கங்கு நிறைந்த இஸ்திரிப் பெட்டியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடமும் கிடையாது, சிலேட்டும் கிடையாது. எனக்கும் பெட்டி போடத் தெரியும், என்னையும் அங்கே அனுப்பு என்று அன்று சாயங்காலம் வரைக்கும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அடம்பிடித்தேன்.